சாம் பாஸ் புதையலும் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

அமெரிக்க மேற்குப் பகுதியின் கொள்ளையர் புதையல் கதைகளில் மனம் பறிகொடுத்தவர்கள் செய்யும் முதல் தவறு, கொள்ளை போன பணம் முழுவதும் இன்னும் மண்ணுக்குள் கிடப்பதாகக் கணக்குப் போடுவதுதான். ரயில் கொள்ளையன் சாம் பாஸ் புதைத்து வைத்ததாக டெக்சாஸில் நெடுங்காலமாகப் பேசப்படும் புதையலையே எடுத்துக்கொள்வோம்.

1877 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் பிக் ஸ்பிரிங்ஸ் நிலையத்தில் யூனியன் பசிபிக் ரயிலை மறித்த பாஸும் கூட்டாளிகளும், அந்த ஆண்டே வார்க்கப்பட்ட இருபது டாலர் பொற்காசுகளாக 60,000 டாலரை அள்ளிச் சென்றார்கள். ஒரு காசின் எடை 33 கிராமுக்குச் சற்று அதிகம் என்பதால், 3,000 காசுகளும் சேர்ந்து நூறு கிலோ இருந்திருக்கும். ஆனால் அந்த நூறு கிலோவும் ஓரிடத்தில் தங்கவில்லை. அறுவரும் பங்கு போட்டுக்கொண்டு இருவர் இருவராகப் பிரிந்தார்கள். அவர்களில் ஒருவனான ஜோயல் காலின்ஸும் அவனுடன் சென்றவனும் சில நாட்களிலேயே கான்சாஸில் சுட்டுக் கொல்லப்பட, அவர்கள் வைத்திருந்த தங்கம் மீட்கப்பட்டது. டெக்சாஸின் டென்டன் பகுதிக்குத் திரும்பிய பாஸ் தன் பங்கைத் தாராளமாகச் செலவழித்தான். 1878 வசந்தத்தில் டாலஸ் சுற்றுவட்டாரத்தில் அவன் மறித்த ரயில்களில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை; ஜூலையில் ரவுண்ட் ராக் வங்கியைக் கொள்ளையடிக்க வந்த இடத்தில் குண்டடிபட்டு, தன் 27ஆவது பிறந்தநாளன்று இறந்தான். புதைத்து வைத்த தங்கம் கைவசம் இருந்தவன், அற்பத் தொகைகளுக்காக அடுத்தடுத்து உயிரைப் பணயம் வைத்திருப்பான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிடைத்த எந்தத் தங்கத்தையும் உடனே ஒரு கொள்ளையன் பெயரில் எழுதிவிடுவது அடுத்த தவறு. கலிபோர்னியாவில் 2013இல் ஒரு தம்பதி தங்கள் நிலத்தில் பழைய தகர டப்பாக்களுக்குள் கண்டெடுத்த 1,427 காசுகளைப் பற்றியும் இத்தகைய ஊகங்கள் கிளம்பின. அவற்றுள் ஒன்றுகூட நிரூபிக்கப்படவில்லை. காசுகளில் பொறித்திருந்த ஆண்டுகள் 1847 முதல் 1894 வரை பரவியிருந்ததைப் பார்க்கும்போது, ஒரே இரவில் கொள்ளையடித்ததைவிடப் பல காலம் சேர்த்து வைத்த பணம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இவற்றைவிடக் கேடானது அனுமதியின்றித் தோண்டுவது. கூட்டரசு நிலங்களில் நூறாண்டு கடந்த தொல்பொருட்களை அனுமதியில்லாமல் தோண்டி எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்; தனியார் நிலமானால், மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே உரிமையாளரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றுவிட வேண்டும்.