பனிச்சறுக்குத் தலங்கள்: லிஃப்டை நிறுத்தத் தயங்குவதால் வரும் தவறுகள்

பனிச்சறுக்குத் தலம் நடத்துபவர்களுக்குப் பனி நிற்கும் மூன்று, நான்கு மாதங்கள்தான் அறுவடைக் காலம். ஆட்களை வடத்தில் தொங்கவிட்டு மலைமேல் ஏற்றும் லிஃப்ட் ஒரு மணி நேரம் நின்றால் போதும், வரிசை நீண்டுவிடும், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். 'இப்போதைக்கு ஓட்டுவோம், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது. பெரிய விபத்துகள் சிலவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் கிடப்பது இந்தப் பேச்சுதான்.

பாதுகாப்புக் கருவியையே தொல்லையாக நினைப்பது இதில் மிக மோசமான தவறு. இத்தாலியின் மொத்தரோனே மலையில் 2021 மே 23 அன்று, கேபிள் கார் உச்சியை நெருங்கும்போது இழுவை வடம் அறுந்தது. அப்படி அறுந்தால் பெட்டியைத் தாங்கு வடத்தோடு கவ்விப் பிடிக்கத்தான் அவசர பிரேக் இருக்கிறது. ஆனால் பழுது காரணமாக அந்த பிரேக் அடிக்கடி தானாகவே கவ்விச் சேவையை நிறுத்திக்கொண்டிருந்தது. அதனால் அது கவ்வாதபடி கவட்டை போன்ற இரும்பு ஒன்றை மாட்டிவைத்து, ஆட்களை ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். பெட்டி பின்னோக்கிப் பாய்ந்து கீழே விழுந்தது. உள்ளே இருந்த 15 பேரில் ஒரு சிறுவன் மட்டுமே பிழைத்தான். இதை எத்தனை முறை படித்தாலும் மனசு ஆறுவதில்லை. பிரேக் காரணமில்லாமல் கவ்வுகிறது என்றால் லிஃப்டை மூட அந்த ஒரு காரணம் போதும். எந்தப் பாதுகாப்பு அமைப்பை முடக்கினாலும் யார், எப்போது, ஏன் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த முடக்கத்தை நீக்கும்வரை ஓர் ஆளைக்கூட ஏற்றக் கூடாது.

நின்ற லிஃப்டை அவசரமாகக் கிளப்புவதும் ஆபத்துதான். ஏறும் பக்கம் முழுக்க ஆட்கள், இறங்கும் பக்கம் பெரும்பாலும் காலி நாற்காலிகள். பிரேக்கின் பிடி விட்டால் அந்த எடை மொத்தமும் பின்னுக்கு இழுக்கும். ஜார்ஜியாவின் குதௌரியில் 2018 மார்ச்சில் நாற்காலி லிஃப்ட் ஒன்று இப்படித்தான் பின்னோக்கி ஓடி, கீழ் நிலையத்தில் ஆட்களைத் தூக்கி எறிந்தது.

காற்றையும் மறக்கக் கூடாது. காஷ்மீரின் குல்மார்க்கில் 2017 ஜூனில் பலத்த காற்றில் கோண்டோலா எனும் மூடிய பெட்டி லிஃப்டின் பாதை மீது மரம் சாய்ந்து 7 பேர் இறந்தார்கள். எந்த வேகத்தில் காற்று அடித்தால் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். வரிசையைப் பார்த்துக்கொண்டே முடிவெடுத்தால் சரியாக வராது. வடத்தின் மேல் விழக்கூடிய மரங்களைப் பருவம் தொடங்கும் முன்பே கணக்கெடுப்பதும் நிர்வாகத்தின் வேலை.

அப்புறம் பனிச்சரிவு. பனிப்புயல் ஓய்ந்த மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும். எல்லாரும் மேலே போகத் துடிக்கும் நாள் அது, பனிச்சரிவு ஆபத்து மிகுந்த நாளும் அதுவே. காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவித்திருக்கும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில் அந்தக் குவியல் பலகைபோலப் பெயர்ந்து வரும். தலத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரோந்துக் குழு, பனி பெயர்கிறதா என்று வெடிவைத்துச் சோதிக்கும் முன் சறுக்கும் சரிவைத் திறப்பது பெரும் தவறு. ஐந்து படிகள் கொண்ட பனிச்சரிவு ஆபத்து அளவில் 'மூன்று' என்று வந்தால் நடுவில்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பாவில் ஏராளமான உயிர்கள் போவது அந்த மூன்றாம் படியில்தான்.

குல்மார்க் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. அங்கே ரோந்துக் குழு பார்த்துக்கொள்ளும் பகுதி ஒரு எல்லைவரைதான். அதைத் தாண்டினால் காட்டு மலை. 2023 பிப்ரவரியில் அஃபர்வத்தில் நடந்த பனிச்சரிவில் வெளிநாட்டவர் இருவர் இறந்தார்கள். எல்லையில் ஒரு கயிற்றை மட்டும் கட்டிவிட்டால் போதாது. புதைந்தவரைத் தேடி எடுக்க உதவும் சமிக்ஞைக் கருவி, மண்வாரி, துழாவும் கோல், கூடவே உள்ளூர் வழிகாட்டி இருக்கிறார்களா என்று வாசலிலேயே பார்க்க வேண்டும். புதைந்தவர் உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு சரசரவென்று குறைந்துவிடும். மீட்புச் சாமான்களை அடிவாரத்து அறையில் பூட்டிவைத்தால் யாருக்குப் பயன்? அவை மேல் நிலையத்தில் இருக்க வேண்டும்.

சரிவை மூடிவிட்டோம், வேலை முடிந்தது என்றும் நினைக்க முடியாது. கலிஃபோர்னியாவின் ஆல்பைன் மெடோஸில் 1982 மார்ச் 31 அன்று சறுக்க யாரையும் விடவில்லை. ஆனாலும் அடிவாரக் கட்டடங்கள்வரை பனி வந்து ஏழு பேரைக் கொன்றது. மூடிய நாளில் ஊழியர்கள் எங்கே இருக்கலாம் என்பதற்கும் திட்டம் வேண்டும்.

பனியூரில் நெருப்பு என்ன செய்யும் என்று அலட்சியமாக இருப்பார்கள். ஆஸ்திரியாவின் கப்ரூனில் 2000 நவம்பரில் மலை ரயில் சுரங்கத்துக்குள் எரிந்து 155 பேர் இறந்தார்கள். தீ தொடங்கியது வீட்டு உபயோகத்துக்கான ஒரு ஹீட்டரில். புகை மேல்நோக்கி ஏறும் என்பதால், தீயைக் கடந்து கீழே இறங்கி ஓடியவர்கள்தான் அந்த ரயிலிலிருந்து பிழைத்தார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பயணிகளுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக, வெளியே அதிகம் பேசப்படாத இரவு வேலை. செங்குத்தான சரிவைச் சமன்செய்யும் வண்டி, மேலே ஓர் இடத்தில் இரும்பு வடத்தை மாட்டிக்கொண்டு இறங்கும். ஒரு கிலோமீட்டர்வரைகூட நீளும் அந்த வடம் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, திடீரென்று விறைத்துப் பக்கவாட்டில் அடிக்கும். தாமதமாக இறங்கி வருபவர் அதில் மோதினால் உயிரே போகலாம். சரிவு முழுவதும் காலி என்று ரோந்துக் குழு வாக்கி டாக்கியில் சொன்ன பிறகே வடத்தை மாட்ட வேண்டும். மலை உணவகத்தில் இன்னும் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.