கப்பல் கலக நாடகத்துக்குச் சத்தம் அமைப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறேன். மாலுமிகள் கலகம் என்றாலே தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் அதை நிறுத்துங்கள். பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வாய் பேசாமல்தான் வேலை. வணிகக் கப்பல்போல் பாட்டுப் பாடிக் கயிறு இழுக்க விடமாட்டார்கள். விசில் ஊதினால் ஓட வேண்டும். அந்த அமைதி மேடையில் இருந்தால்தான் எதிர்ப்பு காதில் ஏறும். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பழகிய பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டத்தில் சேருங்கள். எப்படி நிற்பது என்று அவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

விளையாட்டு ஆசிரியரின் விசில் சரிவராது. பள்ளியில் ஊதும் ரெக்கார்டர் குழலின் தலைப்பகுதியை மட்டும் கழற்றி ஊதுங்கள். அடிவாயை உள்ளங்கையால் மூடினால் சுருதி இறங்கும், திறந்தால் ஏறும்.

அப்புறம் குண்டு. இரவில் பீரங்கிக் குண்டைத் தளத்தில் உருட்டிவிடுவது, ஆள் யாரென்று தெரியாமல் அதிகாரிகளுக்கு விடும் எச்சரிக்கை. குண்டு எறிதலுக்குப் பள்ளியில் வைத்திருக்கும் இரும்புக் குண்டே போதும். சிமெண்டுத் தரை வேண்டாம். அடியில் வெற்றிடம் உள்ள பலகை மேடையில்தான் அது உறுமும். விளக்கை அணைத்து, திரைக்குப் பின்னால் ஒரு முனையிலிருந்து மெதுவாக உருட்டுங்கள். மறுமுனையில் பழைய டயரைப் போட்டுத் தடுங்கள்; காலை நீட்ட யாரையும் விடாதீர்கள். ஜனங்கள் மறந்த நேரம் பார்த்து இன்னொரு முறை உருட்டுங்கள்.

1797 ஏப்ரல் 16 அன்று இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில், 'குயின் சார்லட்' போர்க்கப்பல் மாலுமிகள் பாய்மரக் கயிறுகளில் ஏறி மூன்று முறை ஆரவாரம் செய்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகச் சம்பளம் உயராத கோபம் அது. 1931 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனில் பிரிட்டிஷ் மாலுமிகளின் சம்பளத்தை வெட்டியபோதும் கப்பலுக்குக் கப்பல் ஆரவாரம்தான் தகவல் சொன்னது. ஆகவே ஒரு குழு மேடையில், ஒன்று மண்டபத்தின் பின்வரிசையில், ஒன்று வெளியே வாசலில். ஒரே குரலாக மூன்று முறை. இரண்டு மூச்சு விட்டு அடுத்த குழு பதில் கொடுக்கட்டும்.

1946 பிப்ரவரி 18, பம்பாய் 'தல்வாரில்' இந்தியக் கடற்படை மாலுமிகள் கலகம் செய்த காட்சியை விடாதீர்கள். நேதாஜி படையில் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்தப் படைக் கைதிகளை விடுவிக்க வேண்டும் என்றும் அந்த மாலுமிகள் கேட்டார்கள். தல்வார் கரையில் இருந்த சமிக்ஞைப் பயிற்சித் தளம், அதனால் செய்தி கம்பியில்லாத் தந்தியில் மற்றக் கப்பல்களுக்குப் பறந்தது. முதலில் தகரத் தட்டுகள் கலகலக்கட்டும். மோசமான சாப்பாடு வந்ததும் ஒருவர் பின் ஒருவராகத் தட்டைத் தள்ளுங்கள். கடைசித் தட்டு நின்றபின்தான் "சோறு இல்லையேல் வேலை இல்லை!" முழக்கம்.

ஸ்பீக்கர்காரர் எக்கோ வைப்பார். அதை அடைக்கச் சொல்லிவிடுங்கள், மைக்கை மேடைப் பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள்.