லிங்கன் அமர்ந்த ஏழாவது தொகுதி: பழைய அமெரிக்கப் பட்டியல்களில் நாம் சறுக்கும் இடங்கள்

ஆபிரகாம் லிங்கன் அதிபராவதற்கு முன் ஒரே ஒரு தவணை (இரண்டு ஆண்டு) அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்தார். இல்லினாய் மாநிலத்தின் 7-ஆவது தொகுதி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வினாடி வினாவுக்காக அந்தத் தொகுதியின் பத்தொன்பதாம் நூற்றாண்டு உறுப்பினர்களை ஒரு தாளில் எழுதி வைத்தேன். அரை மணி நேர வேலை. பிறகு சரிபார்த்தபோது பாதிக்குப் பாதி தவறு. பெயர்களில் பிழை குறைவுதான். ஆண்டு, கட்சி, ஊர், யாருக்குப் பின் யார் என்பவற்றில்தான் கோட்டை விட்டிருந்தேன். அதன் பிறகு இந்த வகைப் பட்டியல்களைத் தமிழில் பார்க்கும்போதெல்லாம் அதே சறுக்கல்கள் கண்ணில் படுகின்றன.

முதல் சறுக்கல் மொழிபெயர்ப்பிலேயே நடந்துவிடுகிறது. "காங்கிரஸ் மாவட்டம்" என்று எழுதுகிறோம். மாவட்டம் என்றால் நம் மனத்தில் ஓர் ஆட்சியர் அலுவலகமும் ஒரு தலைநகரும் வந்து நிற்கும். அமெரிக்காவில் அதற்கு ஓரளவு நெருங்கி வருவது கவுண்டி. இங்கே பேசப்படுவதோ பல கவுண்டிகளைச் சேர்த்து ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதற்காக மட்டும் போட்ட கோடு, அதாவது தொகுதி. "காங்கிரஸ் உறுப்பினர் லிங்கன்" என்பதும் நம் காதில் கட்சிப் பெயராகத்தான் விழும். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் என்று எழுதிவிட்டால் இரண்டு தொல்லையும் ஒழியும்.

எண் என்பது ஊர் அல்ல

நம் தொகுதிகளுக்கு ஊர்ப்பெயர் உண்டு. எல்லை மாறினாலும் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓரளவு போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே இருப்பது வெறும் எண். பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் மாநிலச் சட்டமன்றம் கோடுகளை மாற்றிப் போடும்போது, அந்த எண் எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரும்.

1830களில் இல்லினாய்க்கு மூன்றே உறுப்பினர்கள். லிங்கன் வாழ்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு அப்போது 3-ஆவது தொகுதியில் இருந்தது. 1838-இல் அங்கே, பின்னாளில் லிங்கனின் பெரும் அரசியல் எதிரியான ஸ்டீபன் டக்ளஸை வெறும் 36 வாக்குகளில் தோற்கடித்தவர் ஜான் ஸ்டூவர்ட்; லிங்கனைத் தன் வழக்கறிஞர் தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டவர். 1840 கணக்கெடுப்புக்குப் பின் இல்லினாய்க்கு ஏழு இடங்கள் கிடைத்தன. 7-ஆவது தொகுதி பிறந்தது அப்போதுதான். ஆகவே "7-ஆவது தொகுதியின் 1838 தேர்தல்" என்று எங்காவது பார்த்தால் அந்த வரியை அடித்துவிடலாம்.

1853-இல் மாநிலத்துக்கு ஒன்பது இடங்கள். கோடுகள் மாறின. 7 என்ற எண் மாநிலத்தின் கிழக்கு ஓரத்துக்கு, வாபாஷ் ஆற்றுப் பக்கம் போய்விட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு 6-ஆவது தொகுதியானது. 1863-இல் அதே ஊர் 8-ஆவது தொகுதிக்குள் வந்தது. 1870களில் 7 என்ற எண் வடக்கே லசால் வட்டாரத்துக்கு ஏறியது. நூற்றாண்டு முடியும்போது அந்த எண்ணுக்குரிய உறுப்பினர் சிகாகோவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபாஸ். பட்டியலை மேலிருந்து கீழே படித்துவிட்டு ஃபாஸை லிங்கனின் வழிவந்தவர் என்று சொன்னால், கேட்பவர் சிரிக்காமல் இருந்தால் சரி.

லிங்கனை அனுப்பிய வாக்காளர்களைப் பின்தொடர வேண்டுமானால் எண்ணை விட்டுவிட்டு ஸ்பிரிங்ஃபீல்டு இருக்கும் சாங்கமன் கவுண்டியைப் பிடிக்க வேண்டும். நான் அந்தத் தாளைத் திருத்தி எழுதியபோது செய்தது அதுதான். எண்ணை இரண்டாவது நெடுவரிசைக்குத் தள்ளிவிட்டு, கவுண்டியை முதலில் வைத்தேன். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

எண் ஒருவரிடம் மாறியிருப்பதைப் பார்த்தவுடன் "சரி, மறுவரையறை" என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. இதற்கு அழகான ஓர் இணை இருக்கிறது. எட்வர்டு பேக்கர், ரிச்சர்டு யேட்ஸ் இருவர் பெயருக்கு எதிரிலும் முதலில் 7, பிறகு 6 என்றுதான் இருக்கும். யேட்ஸ் 1851 முதல் 1853 வரை 7-இல் இருந்தார். அடுத்த தவணையில் 6. அவர் நகரவில்லை, அவர் காலடியில் எண் மாறியது. பேக்கர் விஷயம் வேறு. 1845-இல் 7-இலிருந்து சபைக்குப் போனவர், மெக்சிகோ போருக்குப் பின் மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள கலீனாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே நின்று 1849-இல் 6-ஆவது தொகுதி உறுப்பினரானார். அந்த 6 வேறு, யேட்ஸின் 6 வேறு. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஜான் குவின்சி ஆடம்ஸைச் சொல்லாமல் இந்தப் பகுதியை விட மனம் வரவில்லை. அதிபராக இருந்து தோற்ற பிறகு 1831-இல் மாசசூசெட்ஸிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வந்தவர், 1848-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். வீடு கடைசிவரை குவின்சி என்ற ஊரில்தான். தொகுதி எண் மட்டும் 11, 12, 8 என்று மூன்று முறை எழுதப்பட்டது. தொகுதி விட்டுத் தொகுதி தாவியவர் என்று அவரைப் பற்றி எழுதினால் பாவம்.

எந்த ஆண்டு?

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறோம். அமெரிக்கா என்றாலே நவம்பரில் தேர்தல், ஜனவரியில் பதவியேற்பு என்று மனத்தில் பதிந்துவிட்டது. அன்று அப்படி இல்லை. பிரதிநிதிகள் சபைத் தேர்தலை நவம்பருக்குக் கொண்டுவரும் சட்டம் 1872-இல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு மாநிலமும் தன் வசதிக்கு ஒரு மாதம் வைத்திருந்தது. 1840களில் இல்லினாய்க்கு ஆகஸ்ட். பதவிக்காலம் மார்ச் 4-இல் தொடங்கும். சபையோ வழக்கமாக டிசம்பர் முதல் திங்கட்கிழமைதான் கூடும்.

இந்த மூன்றையும் லிங்கனுக்குப் போட்டுப் பாருங்கள். பீட்டர் கார்ட்ரைட் என்ற மெதடிஸ்ட் போதகரைத் தோற்கடித்தது 1846 ஆகஸ்ட். பதவிக்காலம் தொடங்கியது 1847 மார்ச் 4. சபைக்குள் போய் உட்கார்ந்தது 1847 டிசம்பர் 6. ஏறத்தாழ பதினாறு மாத இடைவெளி. "1846-இல் உறுப்பினரானார்" என்றும் "1847 டிசம்பரில் உறுப்பினரானார்" என்றும் இரண்டு விதமாகவும் எழுதப்படுகிறது. பட்டியலில் வர வேண்டியது 1847 மார்ச் 4.

இதைவிட விசித்திரம், தொகுதியின் முதல் உறுப்பினர் ஜான் ஹார்டின். மறுவரையறை முடிந்து இல்லினாய் தேர்தல் நடத்தியபோது 1843 ஆகஸ்ட் ஆகிவிட்டது. அவருடைய பதவிக்காலமோ அந்த ஆண்டு மார்ச் 4-இல் தொடங்கியதாகத்தான் பதிவு. தேர்தலுக்கு முன்பே பதவிக்காலம்! தேதியில் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். நான் திருத்தினேன், அதுதான் என் தவறுகளில் ஒன்று.

ஆண்டைத் தவறாகப் போட்டால் வரலாறே தடம் மாறும். மெக்சிகோ மீது போர் அறிவிப்பதை எதிர்த்து லிங்கன் வாக்களித்தார் என்று பலர் எழுதுகிறார்கள். போர் அறிவிப்பு 1846 மே மாதம். அப்போது லிங்கன் வேட்பாளர். தொகுதியின் உறுப்பினர் பேக்கர். லிங்கன் செய்தது வேறு. 1847 டிசம்பர் 22 அன்று, அமெரிக்க மண்ணில் அமெரிக்க இரத்தம் சிந்தியது என்று போருக்குக் காரணம் சொன்ன அதிபர் போல்க்கை, அந்த இடம் எது, அது யாருடைய மண் என்று கேட்கும் தீர்மானங்களைக் கொண்டுவந்தார். பின்னர் 1848 ஜனவரியில், இந்தப் போர் தேவையில்லாமலும் அரசியல் சட்டத்துக்கு முரணாகவும் அதிபரால் தொடங்கப்பட்டது என்ற திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அது 85-க்கு 81 என்று நிறைவேறியது.

முடிவுத் தேதியிலும் இதே சிக்கல். அடுத்த உறுப்பினர் 1848 ஆகஸ்டிலேயே தேர்வாகிவிட்டார் என்பதற்காக லிங்கனின் காலத்தை 1848 என்று முடிக்கக் கூடாது. அவர் 1849 மார்ச் 3 வரை உறுப்பினர். வாஷிங்டன் நகரத்தில் அடிமை முறையை ஒழிக்க ஒரு திட்டத்தை அவர் சபையில் முன்வைத்தது 1849 ஜனவரியில்தான்.

27 நாள் உறுப்பினர்

ஹார்டின், பேக்கர், லிங்கன். மூன்று பெயரும் எல்லோருக்கும் தெரியும். மூவரும் அன்றைய இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி, ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். அதனால் பேக்கருக்கும் லிங்கனுக்கும் நடுவில் ஒருவர் இருந்தார் என்பதே விடுபட்டுப்போகிறது. போருக்குப் படை நடத்திப் போன பேக்கர் 1846-47 குளிர்காலத்தில் பதவி விலகினார். மிச்சமிருந்த சில வாரங்களுக்கு ஜான் ஹென்றி என்பவர் தேர்வானார். 1847 பிப்ரவரி 5 முதல் மார்ச் 3 வரை, நாள் கணக்கில் 27. இவ்வளவு குறுகிய காலத்துக்கு ஒருவரா என்று தோன்றும். ஆனால் லிங்கனுக்கு முந்தைய உறுப்பினர் யார் என்று கேட்டால் சரியான விடை ஜான் ஹென்றி. என் வினாடி வினாவில் நான் பேக்கர் என்று வைத்திருந்தேன்.

அதே பிப்ரவரி மாதம் 23-ஆம் தேதி பியூனா விஸ்டா போர்க்களத்தில் ஹார்டின் இறந்தார். இவரையும் பேக்கரையும் மாற்றி எழுதுவது உண்டு. இருவரும் மெக்சிகோ போருக்குப் போனவர்கள், இருவரும் போரில் இறந்தவர்கள். பேக்கர் இறந்தது 1861 அக்டோபரில், உள்நாட்டுப் போரில், பால்ஸ் பிளஃப் என்ற இடத்தில். அப்போது அவர் ஓரிகன் மாநிலத்தின் செனட் உறுப்பினர்.

தோற்காதவரைத் தோற்கடிப்பது

1849-இல் விக் கட்சியின் இடத்தில் ஜனநாயகக் கட்சியின் தாமஸ் ஹாரிஸ் வந்து உட்காருகிறார். பட்டியலில் நிறம் மாறுகிறது. உடனே "போரை எதிர்த்ததால் லிங்கன் தோற்றார்" என்று எழுதிவிடுகிறோம். லிங்கன் 1848-இல் போட்டியிடவே இல்லை. ஹாரிஸிடம் தோற்றவர் ஸ்டீபன் லோகன், லிங்கனின் இன்னொரு முன்னாள் தொழில் கூட்டாளி. வித்தியாசம் 106 வாக்குகள். லிங்கனின் போர் எதிர்ப்பு லோகனைப் பாதித்ததா என்பது நியாயமான விவாதம். லிங்கன் தோற்றார் என்பது விவாதமே அல்ல, பிழை.

அவர் ஏன் நிற்கவில்லை? அந்தத் தொகுதியின் விக் கட்சிக்காரர்களுக்குள் ஒருவர் ஒரு தவணை என்ற ஏற்பாடு இருந்தது. 1843-இல் பெக்கின் என்ற ஊரில் கூடிய கட்சி மாநாடு ஹார்டினை வேட்பாளராக்கியது. அங்கேயே லிங்கன் எழுந்து, அடுத்த முறை பேக்கர் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பேக்கருக்குப் பின் தன் முறை என்பது அவர் கணக்கு. இடையில் ஹார்டின் மறுபடி நிற்க ஆசைப்பட்டு, 1846 தொடக்கத்தில் விலகிக்கொண்டார். தன் முறை முடிந்ததும் லிங்கனும் வழிவிட்டார். ஒரே தவணையில் ஒருவர் மறைந்தால் அது தோல்விதான் என்று இக்காலக் கண்ணால் படிக்கிறோம். அந்தக் காலத்தில் அது பல இடங்களில் சாதாரண நடைமுறை.

கட்சிப் பெயரில் கவனமாக இருக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. குடியரசுக் கட்சி தோன்றியது 1854-இல். எனவே 1847-இல் லிங்கனுக்கு எதிரே குடியரசுக் கட்சி என்று எழுத முடியாது. விக் கட்சி கரைந்தபோது அதிலிருந்த எல்லோரும் அந்தப் பக்கமே போனார்கள் என்றும் நினைக்கக் கூடாது. யேட்ஸ் போனார், உள்நாட்டுப் போர்க் காலத்தில் இல்லினாய் ஆளுநராகவும் இருந்தார். இதே பெயரில் அவர் மகனும் பின்னாளில் ஆளுநர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் இரண்டுமாக இருந்ததால், 1900-க்குப் பிந்தைய தேதியோடு ரிச்சர்டு யேட்ஸ் என்று கண்டால் அது மகன்.

நான் கடைசியாகத் திருத்திய வரி 1855-57க்கு உரியது. 7 அப்போது கிழக்குப் பக்கத்தில் இருந்தது. உறுப்பினர் ஜேம்ஸ் ஆலன், ஜனநாயகக் கட்சி. அவர் வெற்றியை வில்லியம் ஆர்ச்சர் என்பவர் எதிர்த்து சபையிடமே முறையிட்டார். தேர்தல் வழக்கில் அங்கே சபைதான் நீதிபதி. 1856 ஜூலை 18 அன்று சபை இருவருக்குமே இடத்தைத் தராமல், அது காலி என்று அறிவித்தது. நவம்பரில் இடைத்தேர்தல். மறுபடியும் ஆலன். ஆக ஒரே தவணைக்கு ஒரே மனிதருக்கு இரண்டு வரிகள், நடுவில் சில மாத வெற்றிடம். நான் இதை அச்சுப் பிழை என்று எண்ணி ஒரே வரியாக ஒட்டிவைத்திருந்தேன்.

ஸ்பிரிங்ஃபீல்டை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தால் 1862-இல் ஒரு பழைய முகம் எதிர்ப்படுகிறது. லிங்கன் அதிபராக வாஷிங்டனில் இருக்கிறார். அவர் சொந்த ஊர் இப்போது 8-ஆவது தொகுதி. அவருடைய நெருங்கிய நண்பர் லெனர்டு ஸ்வெட் குடியரசுக் கட்சிப் பக்கம் நிற்கிறார். அவரைத் தோற்கடித்தவர், 24 ஆண்டுகளுக்கு முன் டக்ளஸை 36 வாக்குகளில் வென்ற அதே ஜான் ஸ்டூவர்ட். அன்று 3-ஆவது தொகுதி, விக் கட்சி. இன்று 8-ஆவது தொகுதி, ஜனநாயகக் கட்சி. ஊர் மட்டும் ஒன்றே.