சின்ன போர்டுக்கு எந்த ஒயர்?

சால்டரிங் பழகுகிறவர்கள் அயர்னைப் பற்றி நிறையக் கேட்பார்கள், ஈயத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஒயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பழைய சார்ஜரை வெட்டினால் ஒயர் கிடைக்கிறதே என்ற நினைப்பு. கொஞ்ச நாள் கழித்து, "பேட் பெயர்ந்து வந்துடுச்சுங்க" என்று போர்டோடு வந்து நிற்பார்கள்.

கோயம்புத்தூரில் என் வீட்டு மேசையில் நடப்பதெல்லாம் சின்ன வேலைகள்தான். பழைய ரேடியோவுக்குள் ப்ளூடூத் போர்டு வைப்பது, போர்டில் அறுந்த ட்ராக்குக்கு, அதாவது செம்புக் கோட்டுக்குப் பாலம் போடுவது, மவுஸ் பட்டனை மாற்றுவது, பொம்மைக்குள் எல்இடி வைப்பது. இந்த மாதிரி வேலைகளில் எவ்வளவு கரன்ட் போகும் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. ஒயரின் நுனி எதில் போய் உட்காரப் போகிறது என்றுதான் பார்ப்பேன். பேட் என்பது போர்டில் ஒயரைச் சால்டர் பண்ணும் இடம். சாதாரண போர்டில் அது சுமார் 35 மைக்ரான் தடிமனுள்ள செம்புத் தகடு. அதைப் பிடித்து வைத்திருப்பது வெறும் பசை. அயர்ன் சூட்டில் அந்தப் பசை இளகும். அதன் மேல் விறைப்பான ஒயரை வைத்து மறுமுனையை ஆட்டினால் நெம்புகோல் போட்ட மாதிரிதான், பேட் கையோடு வந்துவிடும். சிக்னல் மட்டும் போகிற இடமென்றால் நீங்கள் நினைப்பதை விடப் பல மடங்கு மெல்லிய ஒயரே போதும்.

முதலில் நம்பர் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆன்லைனில் வாங்கும் ஒயரில் ஏடபிள்யூஜி என்று அமெரிக்க கேஜ் போட்டிருக்கும். நம் ஊர் வைண்டிங் கடையில் 'கேஜ்' என்றால் அது எஸ்டபிள்யூஜி, பிரிட்டிஷ் அளவு. இரண்டிலும் நம்பர் ஏற ஏற ஒயர் மெலியும். ஆனால் ஒரே நம்பர் ஒரே தடிமன் இல்லை. ஏடபிள்யூஜி 30 என்றால் 0.255 மி.மீ. எஸ்டபிள்யூஜி 30 என்றால் 0.315 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட ஏடபிள்யூஜி 28. அதனால் கடையில் மி.மீ. சொல்லிக் கேளுங்கள், சண்டை வராது. ஹூக்கப் ஒயரில் (போர்டுகளை இணைக்கும் சாதாரண ஒயர்) 7/36, 14/36 என்று எழுதியிருப்பதும் இதே கணக்குதான்: 36 கேஜ் இழை ஏழு, பதினாலு. ஏடபிள்யூஜியில் இன்னொரு வசதி உண்டு. மூன்று நம்பர் ஏறினால் செம்பின் பரப்பு பாதியாகும், ரெசிஸ்டன்ஸ் இரண்டு மடங்காகும். இது ஒன்று மனதில் இருந்தால் அட்டவணையே தேவையில்லை.

என் மேசையில் அதிகம் தீர்வது ஏடபிள்யூஜி 30 கைனார் ஒயர். கைனார் என்பது அதன் தோலாக இருக்கும் பிளாஸ்டிக்கின் பெயர். கடையில் 'வ்ராப்பிங் ஒயர்' என்று கேட்டால் சின்ன உருளையில் சுற்றித் தருவார்கள். இது சால்டர் பண்ணுவதற்காகப் பிறந்ததே இல்லை. பெல் லேப்ஸ்காரர்கள் கொண்டுவந்த வயர் வ்ராப் முறையில், சதுரக் கம்பியில் இறுக்கிச் சுற்றுவதற்கான ஒயர். நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் கம்ப்யூட்டரிலும் இணைப்புகள் இப்படிச் சுற்றப்பட்டவைதான். அந்த முறை மறைந்துவிட்டது, ஒயர் நமக்கு மிச்சம். உள்ளே வெள்ளி அல்லது தகரப் பூச்சுள்ள ஒற்றைக் கம்பி, அதனால் ஈயம் சட்டென்று பிடிக்கும். வளைத்தால் வளைத்த இடத்தில் நிற்கும். மேல் தோலோடு சேர்த்தும் அரை மி.மீ.தான் வரும். பிவிசி ஒயரில் நுனி சூடானால் தோல் சுருங்கிப் பின்னால் ஓடி, நீங்கள் கேட்காத நீளத்துக்குச் செம்பு வெளியே தெரியும். கைனார் அப்படி ஓடாது. அதுவும் சுமார் 170 டிகிரி தாண்டினால் உருகக்கூடியதுதான், ஆகவே அயர்னை அதன் மேல் சாய்க்காதீர்கள். அயர்னை 330 டிகிரியில் வைத்து, பேட்டில் முதலிலேயே கொஞ்சம் ஈயமும், அது நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸும் போட்டு, ஒயர் நுனியைத் தொட்டு எடுத்தால் ஒரு நொடி வேலை.

இதில் கவனிக்க வேண்டியது தோல் உரிப்பது. ப்ளேடால் சுற்றி அறுத்தால் செம்பில் மெல்லிய கீறல் விழும், பின்னால் சரியாக அந்த இடத்தில்தான் ஒடியும். 30 என்று துளை போட்ட ஸ்ட்ரிப்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 2 மி.மீ. உரித்தால் போதும். அதிகம் உரித்துவிட்டு மடக்கி வைப்பதில் எந்த லாபமும் இல்லை, பக்கத்துப் பின்னோடு ஷார்ட் ஆவதைத் தவிர.

கைனாரும் தடிமனாகிற இடம் வரும். அரை மி.மீ. இடைவெளியில் பின்கள் நிற்கும் ஐசியில், ஒரு பின்னுக்கு ஒயர் இழுத்தால் அந்தத் தோலே பக்கத்துப் பின்னை மறைத்துவிடும். அங்கே எனாமல் ஒயர்தான், அதாவது தோலுக்குப் பதில் மெல்லிய பூச்சு மட்டும் உள்ள செம்பு ஒயர்.

கோவையில் இருப்பதில் எனக்கு ஒரு சௌகரியம்: பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர், வைண்டிங் கடைக்குப் பஞ்சமில்லை. "அண்ணா, ஃபேன் சுத்தினதுல மிச்சம் இருக்குதுங்களா?" என்றால் ஒரு முழம், இரண்டு முழம் சும்மாவே கொடுப்பார்கள். சீலிங் ஃபேனுக்குப் பெரும்பாலும் 36 கேஜ், அதாவது 0.19 மி.மீ. அறுந்த ட்ராக்குக்குப் பாலம் போட அருமையான அளவு. மோட்டாருக்குச் சுற்றும் 22, 24 கேஜ் நமக்கு ஆகாது, அது கம்பி.

ஆனால் இலவச ஒயரில் ஒரு சிக்கல் உண்டு. மோட்டார், ஃபேன் எனாமல் சூட்டைத் தாங்குவதற்காகவே பூசப்பட்டது. அயர்னை வைத்து எவ்வளவு நேரம் தேய்த்தாலும் பல ஒயர்களில் அது போகாது. பாலியூரித்தேன் பூச்சுள்ள ஒயர் வேறு ரகம், அது சூட்டிலேயே கரைந்து ஈயம் பிடிக்கும். சின்ன ரிலேக்களின் காயிலில் பெரும்பாலும் இந்த ரகம் கிடைக்கும். நிறத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்: அயர்னை 390 டிகிரிக்கு ஏற்றி, நுனியில் ஒரு குண்டு ஈயம் வைத்து, அதற்குள் ஒயர் முனையை நுழைத்து மூன்று நான்கு நொடி பிடியுங்கள். புகை வந்து முனை வெள்ளியாகப் பளபளத்தால் பாலியூரித்தேன். கறுப்பாகவே இருந்தால் சுரண்ட வேண்டிய ரகம். அந்தப் புகை நல்லதல்ல, மூச்சுக்குழாயை உறுத்தும். ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

சுரண்டுவதற்கு 400 நம்பர் உப்புத்தாளை மடித்து, நடுவில் ஒயரை வைத்து விரலால் லேசாக அழுத்தி இழுங்கள். திருப்பித் திருப்பி நான்கு பக்கமும். சிலர் லைட்டரில் காட்டி எரிப்பார்கள். எரித்தால் செம்பு கறுத்து, ஈயம் பிடிக்க மறுக்கும், இழையும் துவண்டுவிடும். எனக்கு அது பிடிக்காது. எப்படிச் செய்தாலும் போர்டில் வைப்பதற்கு முன்பே முனைக்கு ஈயம் பூசிவிடுங்கள். பேட்டின் மேல் வைத்து எனாமலை உருக்கப் பார்த்தால் பேட்தான் முதலில் போகும். வைத்த பிறகு மல்டிமீட்டரை பீப்பில் போட்டு இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள், பக்கத்துப் பின்னையும் தொட்டுப் பாருங்கள். எனாமல் என்பது மெல்லிய வார்னிஷ் அளவுதான். கூர்மையான பின் முனை மேல் உரசிக்கொண்டு போனால் ஒருநாள் தேய்ந்து ஷார்ட் ஆகும். அந்த வழியில் சூடு தாங்கும் கேப்டன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் ஒயரை ஓட்டுவேன்.

சரி, பவர் லைன். இங்கே மட்டும் கரன்ட் கணக்கு பார்க்காமல் தப்ப முடியாது. ஏடபிள்யூஜி 30 ஒயர் ஒரு மீட்டருக்கு சுமார் 0.34 ஓம். நிறம் மாறும் டபிள்யூஎஸ்2812 ரக எல்இடி 30 உள்ள பட்டையை எடுத்துக்கொள்வோம். முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் மொத்தம் 1.8 ஆம்பியர். ஒரு மீட்டர் தூரம், போக ஒன்று வர ஒன்று என்று 0.68 ஓம். 1.2 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 5 வோல்ட் கொடுத்தால் பட்டைக்கு 3.8தான் கிடைக்கும், நீலம் மங்கி வெள்ளை மஞ்சளாகத் தெரியும். எல்இடி டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள், பாவம். அதே தூரத்துக்கு ஏடபிள்யூஜி 22 போட்டால் 0.2 வோல்ட்கூட இறங்காது. வர வேண்டிய தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பவருக்கு என் விருப்பம் சிலிக்கான் தோல் போட்ட மல்டிஸ்ட்ராண்ட், அதாவது பல இழை ஒயர். இழை மிகமிக மெல்லியது, நிறைய இருக்கும், நூல் போலத் துவளும். தோல் 200 டிகிரி வரை தாங்கும், அயர்ன் பட்டாலும் உருகாது. 18650 லித்தியம் செல்லுக்கும் அதைச் சார்ஜ் செய்யும் டிபி4056 போர்டுக்கும் நடுவே 10 செ.மீ. தூரத்துக்கு ஏடபிள்யூஜி 24 தாராளம். அதற்கு மேல் தடித்தால் அந்தச் சின்ன போர்டின் பேட் தாங்காது. சிலிக்கான் தோல் லேசாகக் கிழித்தாலே கிழிந்துவிடும் என்பதால், தகர விளிம்பைத் தாண்டும் இடத்தில் ஒரு ஸ்லீவ் போட வேண்டும். அது ஒன்றுதான் குறை.

மூடி திறந்து மூடுகிற இடம், பட்டன் அசைகிற இடம் எல்லாவற்றிலும் மல்டிஸ்ட்ராண்ட்தான். ஒற்றைக் கம்பி அங்கே நாலு தடவை மடங்கினால் போச்சு. மல்டிஸ்ட்ராண்டிலும் ஈயம் உள்ளே ஊறி விறைத்த இடம் முடியும் எல்லையில்தான் ஒடியும், அதனால் முனைக்கு மட்டும் கொஞ்சமாக ஈயம் காட்டுங்கள்.

ரேடியோவுக்குள் ப்ளூடூத் வைக்கும்போது மூன்று ரக ஒயர் ஒரே பெட்டிக்குள் வரும். பவருக்கு சிலிக்கான், போர்டின் பட்டனை வெளியே கொண்டுவர கைனார், வால்யூம் கன்ட்ரோல் காலுக்குப் போகிற ஆடியோவுக்கு மெல்லிய ஷீல்டு ஒயர் (மேலே உலோக உறை உள்ளது). ஆடியோவைச் சாதா ஒயரில் 15 செ.மீ. இழுத்தால் பக்கத்து இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். ஷீல்டு போட்டும் 'கீ' என்று ஊளை வந்தால் அது இரண்டு போர்டும் ஒரே கிரவுண்டைப் பகிர்வதால் வருவது. ஒயரை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

சும்மா கிடைக்கிறதே என்று எடுக்கும் ஒயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவான ஜம்பர் ஒயரை வெட்டிக் காந்தத்தில் காட்டுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, செம்பு வெறும் பூச்சு. மலிவான நெட்வொர்க் கேபிளின் கம்பியை ப்ளேடால் சுரண்டி, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். பூச்சு போனபின் ஈயம் பிடிக்காது, இரண்டு மடக்கில் ஒடியும். நல்ல செம்பு நெட்வொர்க் கேபிள் என்றால் சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் ப்ரெட்போர்டுக்கு அருமை, ஆனால் அரை மி.மீ. ஒற்றைக் கம்பி என்பதால் சின்ன பேட்டுக்கு வேண்டாம். ஹெட்போன் ஒயரில் எனாமல் இழையும் நைலான் நூலும் கலந்து முறுக்கியிருக்கும், பொறுமை இருந்தால் முயலுங்கள். பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ரிப்பன் கேபிளை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். மெல்லிய பிவிசி ஒயர் வரிசையாகக் கிடைக்கும், ஐந்தாறு சிக்னலை ஒன்றாகக் கொண்டுபோக வசதி.

புதிதாக வாங்குவதென்றால் கைனார் 30 ஒரு உருளை, சிலிக்கான் 24 கறுப்பும் சிவப்பும் இரண்டிரண்டு மீட்டர். எனாமல் வைண்டிங் கடையில். ஆரம்பத்துக்கு இதற்கு மேல் வேண்டாம்.

ஒயரை வைத்து முடித்ததும் பேட்டிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி போர்டோடு பிடித்துவைக்க வேண்டும். இழுபடும் சுமை பேட்டுக்குப் போகாமல் இருக்க இதுதான் வழி. நான் ஹாட் க்ளூ ஒரு பொட்டு வைப்பேன். பின்னால் எடுக்க வேண்டுமென்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஓரத்தில் சொட்டு விடுங்கள், பசை கட்டியாகப் பெயர்ந்து வரும். சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும், ஒயரைப் பிரிக்கும்போது பேட்டும் கூடவே வரும்.