பங்கின் எல்லைக்குள் நடைபாதையும் உண்டு

வடசென்னையில் ஒரு கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோயிலின் பொறுப்பில் வரும் பகுதியில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினராக இருக்கிறேன். வீடில்லாதவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது என்று வேறு பங்குகளில் இருந்து கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வாரம் சாப்பாடு கொண்டு போகாதீர்கள். 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் இந்தச் சபையைத் தொடங்கியபோது செய்த வேலை, ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான். நடைபாதையில் விரித்திருக்கும் பாயும் ஒரு வீடு. இரண்டு இரண்டு பேராகப் போங்கள். பெண்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு பெண்ணாவது கட்டாயம் போக வேண்டும். செருப்பைப் பாய்க்கு வெளியே விடுங்கள். "பக்கத்துக் கோயில்ல இருந்து வர்றோம்க்கா, கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். 'வேண்டாம்' என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். போட்டோ எடுக்கவே கூடாது. யாரும் தன் வீட்டில் சாப்பிடும்போது படம் எடுக்க விடமாட்டார்கள்.

நேரம் முக்கியம். பாரிமுனை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் கடை ஷட்டர் இறங்கிய பிறகுதான் பாய் விரிக்க முடியும். இரவு ஒன்பதரைக்கு மேல் போனால்தான் ஆட்களைப் பார்க்கலாம். அவர்களில் பலர் மூட்டை தூக்குகிறார்கள், வண்டி இழுக்கிறார்கள், பூ கட்டுகிறார்கள். பாட்டி காலத்திலிருந்து அதே தெருவில் இருக்கும் குடும்பங்களும் உண்டு. எல்லாரையும் பிச்சைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சாப்பாட்டைப் பற்றி யோசிக்கலாம். அடுப்பு வைத்துச் சமைக்கும் குடும்பத்துக்கு அரிசி, எண்ணெய், பருப்புதான் உதவும். தனியாக இருக்கும் முதியவருக்குத்தான் சமைத்த உணவு. நம்ம ஊர் வெயிலுக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம் தாங்கும். கூடவே ஒரு அவித்த முட்டை. தேங்காய்ச் சட்னியும் சாம்பார் சாதமும் சீக்கிரம் கெட்டுவிடும், வேண்டாம். ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு வரும். பல் இல்லாதவர்களுக்குக் குழைந்த சோறு தனியாக எடுத்து வையுங்கள்.

பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பிரியாணி கொடுக்க ஆள் நிறைய வருவார்கள். அன்று ஒரே தெருவுக்கு நாலு குழு போகும், விசேஷம் இல்லாத ஒரு புதன்கிழமை ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதனால் பணம் தர வருபவர்களிடம் விசேஷம் இல்லாத வாரநாட்களைப் பங்கிட்டுக் கொடுங்கள். அந்தோணியார் நவநாள் ஜெபத்துக்கு வருபவர்களிடமும், தெருவாரியாகக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களிலும் சொன்னால் நாள்காட்டி நிரம்பிவிடும். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்ல வைப்பது, கோயிலுக்கு வரச் சொல்வது இரண்டும் வேண்டாம். பசியோடு நிற்பவரால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. அப்படி வாங்கும் ஜெபம் ஆண்டவருக்கு வேண்டியதில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

பெண்கள் மெதுவாகச் சொல்வது சாப்பாட்டைப் பற்றி அல்ல, குளிப்பதைப் பற்றி. கோயில் வளாகத்தில் கழிப்பறையும் குழாயும் இருக்கின்றன. காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை அவற்றைத் திறந்து வைத்து, சோப்பும் நாப்கினும் வைக்கப் பங்குப் பேரவையில், அதாவது பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவில், பேசுங்கள். எதிர்ப்பு வரும். அங்கேதான் பங்குத்தந்தை (கோயில் சாமியார்) உங்கள் பக்கம் நிற்க வேண்டும். அதனால் கூட்டத்துக்கு முன்பே அவரை ஒரு இரவு உங்களோடு தெருவுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

அப்புறம் காகிதங்கள். வீட்டு முகவரி இல்லாதவருக்கும் வாக்காளர் அட்டை கிடைக்கும். வாக்காளராகச் சேர்வதற்கான படிவம் 6-இல் அவர் தூங்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். முகவரிச் சான்று தேவையில்லை. அலுவலர் வரும்போது அவர் வேறு இடத்துக்குப் போயிருந்தால் விண்ணப்பம் வீணாகும். அந்த நாட்களில் உங்களில் ஒருவர் அங்கே இருங்கள். கிடைத்த அட்டைகள் மழையிலும் திருட்டிலும் போய்விடும். விரும்புகிறவர்களுக்குப் பங்கு அலுவலக பீரோவில் கவரில் போட்டு வையுங்கள், வாங்கியதற்கு ரசீது கொடுங்கள், கேட்ட உடனே திருப்பிக் கொடுங்கள்.

நகர மக்கள்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு, வீடில்லாதவர்கள் தங்க ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சிக் காப்பகங்களுக்கு 1913 எண்ணில் பேசலாம். ஆனால் அவை பெரும்பாலும் ஆண்கள், பெண்கள் எனத் தனித்தனி. புருஷனையும் பிள்ளைகளையும் பிரிந்து ஒரு தாய் போகமாட்டாள். கட்டாயப்படுத்தாதீர்கள். மனநலம் குன்றி அலைபவரைக் கண்டால் நீங்களே வண்டியில் ஏற்ற வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவரைப் பாதுகாத்து மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது காவல் நிலையத்தின் கடமை. தகவல் சொல்லி, கூடவே போங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே தார்ப்பாய் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பெருமழை இரவுகளில் பங்கு மண்டபத்தைத் திறக்க முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, நடுராத்திரியில் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று எழுதி, ஒவ்வொரு குடும்பத்திலும் போன் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.