யூரியாவ வச்சு வெப்பத்த அளக்கலாம்: பிளஸ் ஒன் பசங்களுக்கு வீட்லயே ஒரு கலோரிமீட்டர்

தொண்டியார்பேட்டை, ராயபுரம் பக்கத்துலேந்து என்கிட்ட டியூஷன் வர்ற பசங்க என்தால்பி (ஒரு மாற்றத்துல உள்ள போற, இல்ல வெளிய வர்ற வெப்பத்தோட கணக்கு) ஃபார்முலாவ தலகீழா ஒப்பிப்பாங்க, ஆனா அந்த நம்பர ஒரு தடவ கையால அளந்து பாத்தா தான் பாடமே மனசுல ஒட்டும். யூரியா தண்ணில கரைஞ்சா தண்ணி ஜில்லுனு ஆகும், அதுல எவ்வளவு வெப்பம் போச்சுன்னு அளக்கற பெட்டி, அதாவது கலோரிமீட்டர், நாமளே செய்யப் போறோம். செலவு ரொம்ப கம்மி, வாங்க பண்ணலாம்.

ஸ்டெப் 1: பெட்டி

புக்குல தெர்மாகோல் கப்னு போட்டிருக்கும், 2019 ஜனவரிலேந்து தமிழ்நாட்டுல அதுக்கு தடை, தேடாதீங்க. காசிமேட்டுல மீன ஐஸ் போட்டு அனுப்பற தெர்மாகோல் பெட்டி ஒடஞ்சது இருந்தா கேட்டு வாங்கி, நல்லா கழுவி காய வச்சு, துண்டு துண்டா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி நடுவுல ஒரு பிளாஸ்டிக் டம்ளர் டைட்டா உக்கார்ற மாதிரி குழி தோண்டுங்க. மூடிக்கு ஒரு துண்டு, அதுல தெர்மாமீட்டர் போற அளவு ஓட்டை. வெறும் எவர்சில்வர் டம்ளர்ல பண்ணா என்ன ஆகும்னா, நம்ம ஊரு ஈரக்காத்துக்கு வெளிப்பக்கம் பூரா முத்து முத்தா வேர்த்துடும், அப்படி வேர்க்குதுன்னாலே வெளி வெப்பம் உள்ள போய்ட்டு இருக்குன்னு அர்த்தம், கணக்கு கெட்டுடும்.

(1780கள்ல லவாய்சியரும் லாப்லாஸும் இந்த மாதிரி வேலைக்கு ஐஸயே யூஸ் பண்ணாங்க. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேணும், அதனால எவ்வளவு உருகுச்சோ அத எடை போட்டு வெப்பத்த கண்டுபிடிச்சாங்க. எனக்கு ரொம்ப புடிச்ச ஐடியா அது.)

ஸ்டெப் 2: சாமான்

யூரியா 15 கிராம், தண்ணி 100 மில்லி, கிராம் கணக்கு காட்டற சின்ன டிஜிட்டல் தராசு, லேப்ல இருக்கற மாதிரி தெர்மாமீட்டர். காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர் ஆகாது, அது 35 டிகிரிக்கு கீழ காட்டாது. யூரியா நர்சரில, உரக்கடைல கெடைக்கும், லேசா வேப்பெண்ணெய் வாசனை வரும், பரவால்ல. நம்ம மணலியிலயே மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ்ல யூரியா தயாரிக்கறாங்க, அதனால உங்க கையில இருக்கற குருணை அங்கேந்து வந்ததாவே கூட இருக்கலாம். டப்பாவ இறுக்கி மூடி வைங்க, ஈரம் இழுத்து கட்டியாயிடும்.

ஸ்டெப் 3: அளக்கறது

மாடி டேங்க்லேந்து மத்தியானம் வர்ற தண்ணி சுடும், அத நேரா எடுக்காதீங்க. முந்தின நாள் ராத்திரியே பிடிச்சு யூரியாவோட ஒரே ரூம்ல வச்சிடுங்க, ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கணும். தண்ணிய ஊத்தி மூடி, ரெண்டு நிமிஷம் 30 செகண்டுக்கு ஒருதடவ ரீடிங் எழுதுங்க. அப்புறம் யூரியாவ மொத்தமா கொட்டி, மூடி, கலக்கிட்டே அஞ்சு நிமிஷம் ரீடிங் எடுங்க. டக்குனு எறங்கும், அப்புறம் மெதுவா ஏற ஆரம்பிக்கும். அந்த ஏத்தம் வெளிலேந்து கசியற வெப்பம். அதனால வெறும் கம்மியான ரீடிங்க எடுத்துக்காம கிராஃப் போடுங்க, ஏறற பாகத்துக்கு ஸ்கேல் வச்சு கோடு போட்டு, அத யூரியா கொட்டின நிமிஷம் வரைக்கும் பின்னாடி நீட்டுங்க, அங்க வர்ற வெப்பநிலை தான் நம்மளுக்கு வேணும். இந்த ஒரு வேலைய பொறுமையா பண்ணா பாதி பிழை போயிடும்.

ஸ்டெப் 4: கணக்கு

30 டிகிரிலேந்து 22.5 வரைக்கும் எறங்குச்சுன்னு வச்சுப்போம், வித்தியாசம் 7.5. கரைசல் எடை 100 + 15 = 115 கிராம். தன்வெப்பம் (ஒரு கிராம ஒரு டிகிரி ஏத்த வேண்டிய ஜூல்) தண்ணியோடதயே போடலாம், 4.18, கொஞ்சம் தோராயம் தான்.

115 × 4.18 × 7.5 = சுமார் 3,605 ஜூல், அதாவது 3.6 கிலோ ஜூல்.

யூரியாவோட மோலார் நிறை, அதாவது ஒரு மோலோட எடை, 60 கிராம், அப்போ 15 கிராம்னா 0.25 மோல். 3.6 ÷ 0.25 = ஒரு மோலுக்கு 14.4 கிலோ ஜூல். புக்குல சுமார் 15, ஒரு மீன் பெட்டி துண்டுல இவ்வளவு கிட்ட வர்றது பெரிய விஷயம்ங்க!

ஸ்டெப் 5: பிளஸ்ஸா மைனஸா

மார்க் போறது இங்க தான். தண்ணி ஜில்லுனு ஆச்சுன்னா அது வெப்பத்த இழந்துச்சு, அந்த வெப்பத்த வாங்கினது கரையற யூரியா, அதனால என்தால்பி மாற்றம் பிளஸ், வெப்பம் கொள் நிகழ்வு. தெர்மாமீட்டர் எறங்குதேன்னு மைனஸ் போடாதீங்க. படிகத்துல யூரியா மூலக்கூறுங்க ஹைட்ரஜன் பிணைப்பால ஒண்ண ஒண்ணு புடிச்சிட்டு இருக்கும், அத பிரிக்க எனர்ஜி செலவாகும். தண்ணியோட புதுசா பிணைப்பு உண்டாகும்போது எனர்ஜி திரும்ப வரும், ஆனா செலவானத விட கம்மி. பிணைப்பு ஒடஞ்சா எனர்ஜி வெளிய வரும்னு நெறைய பேரு எழுதறாங்க, அது தப்பு, உண்டாகும்போது தான் வரும்.

யூரியா கரையறது பெரும்பாலும் பௌதிக மாற்றம் தான், நிஜ வேதிவினை வேணும்னா ஸ்கூல் லேப்ல டீச்சர் கூட இருக்கும்போது, பாதுகாப்பு கண்ணாடி போட்டுட்டு, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி, இதே பெட்டில கலந்து பாருங்க. நடுநிலையாக்கல்ல ஒரு மோல் தண்ணி உண்டாக சுமார் 57 கிலோ ஜூல் வெளிய வரும், அந்த கணக்குப்படி வெப்பநிலை எவ்வளவு ஏறணும்னு மொதல்ல பேப்பர்ல போட்டுட்டு அப்புறமா கலங்க, கிட்டத்தட்ட 6.8 டிகிரி வரும்.

மிச்சமான யூரியா தண்ணிய ஒரு 10 லிட்டர் பக்கெட் தண்ணில கலந்து மொட்டமாடி செடிங்களுக்கு வேர் பக்கமா ஊத்திடுங்க. அந்த டம்ளர்ல மட்டும் இனிமே யாரும் எதுவும் குடிக்க வேணாம், மார்க்கர்ல பெருசா எழுதி வச்சிடுங்க.