வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: திரும்பி வந்த பிறகு தெரியவரும் தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது பட்டப்படிப்பின் நடுவே ஒரு செமஸ்டர் ஐரோப்பாவுக்குப் போய்வருகிறார்கள். போக முன்னர் வீட்டில் ஓடுவது விசா, குளிர் உடுப்பு, எத்தனை கிலோ மிளகாய்த்தூள் என்ற கதைதான். வந்த பிறகு அலைய வைப்பவை வேறு. நானும் ஜேர்மனிக்கு அப்படிப் போய்வந்தேன்; பின்னால் போய்வந்தவர்களின் கடதாசிகளையும் பார்த்துக் கொடுக்கிறேன். வாங்க வேண்டிய நேரத்தில் வாங்காமல் விட்ட ஒரு கையெழுத்தால்தான் பலருக்குப் பாதிச் செமஸ்டர் வீணாகிறது.

பெரிய தவறு, "அங்க பாஸ் பண்ணினா இங்க சேர்த்துக்கொள்ளுவினம்" என்று நம்பிப் புறப்படுவது. தானாக எதுவும் சேராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ்ஸில் போகிறவர்களுக்குக் கற்றல் ஒப்பந்தம் என்று ஒரு படிவம் உண்டு. மாணவர், இங்குள்ள பல்கலைக்கழகம், அங்குள்ள பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் அதில் ஒப்பமிட வேண்டும். அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்குள்ள எதற்கு ஈடு என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். இங்குள்ள பரிமாற்ற இணைப்பாளரின் கையெழுத்தோடு திருப்திப்படாமல், துறைத் தலைவர் வழியாகப் பீடச் சபையின் அனுமதியையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல்லாகச் சம்மதித்த விரிவுரையாளர் நீங்கள் வரும்போது லீவில் இருக்கலாம். அங்கே போனபின் பாடம் மாறுவதும் சகஜம்: நேரசூசி மோதும், ஆங்கிலத்தில் என்று போட்டிருந்த பாடம் ஜேர்மன் மொழியில் நடக்கும். மாற்றினால் உடனே ஒப்பந்தத்தையும் திருத்தி மூன்று கையெழுத்தையும் மறுபடி வாங்குங்கள்.

இதோடு ஒட்டியது, இங்கே தவறவிடும் பரீட்சை. அனுமதி பெற்ற லீவு இல்லாமல் போனால் "சமூகமளிக்கவில்லை" என்று பதிவாகிவிடும் ஆபத்து உண்டு. பிறகு எழுதும்போது அது ரிப்பீட். பல பீடங்களில் ரிப்பீட் எழுதுகிறவருக்கு எவ்வளவு மாக்ஸ் எடுத்தாலும் சீ தரத்துக்கு மேல் கிடைக்காது. பட்டத்தில் கிளாஸ் (வகுப்புச் சித்தி) எடுக்க நினைக்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது கிரெடிட் கணக்கு. இதில் சறுக்காதவர்கள் குறைவு. ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் எனும் கிரெடிட் முறையில் ஒரு வருடத்துக்கு 60, செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணிநேர உழைப்பு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் வருடத்துக்கு 30தான். ஒரு கிரெடிட் 50 மணிநேரம். அதாவது அங்கத்தைய இரண்டு, இங்கத்தைய ஒன்றுக்குக் கிட்டத்தட்டச் சமம். இது தெரியாமல், "இங்கேயும் செமஸ்டருக்கு 15 தானே" என்று அங்கே 15 மட்டும் எடுத்துவிட்டுக் கோடை முழுக்க ஊர் சுற்றிய பிள்ளைக்கு, வந்து பார்த்தால் அரைச் செமஸ்டர்தான் கையில் இருக்கும்.

மாக்ஸ் விஷயமும் அப்படியே. ஜேர்மனியில் 1.0தான் ஆகச் சிறந்தது, 4.0 வரை சித்தி, 5.0 என்றால் சித்தியில்லை. நம்முடைய ஜீபீஏயில், அதாவது சராசரித் தரப்புள்ளியில், 4.0 உச்சம். ஒரு தங்கச்சியின் பெறுபேற்றுப் பத்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அவளுடைய அப்பா பேசாமல் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்ன பிள்ளை, நாலுக்கு ஒண்டு தசம் மூண்டோ?" என்றார். "அப்பா, அது வகுப்பிலேயே கூடின மாக்ஸில ஒண்டு" என்று அவள் விளக்கிய பிறகுதான் மனுசனுக்கு முகம் தெளிந்தது. அப்பாவுக்கு விளக்கலாம், பீட அலுவலகத்துக்கும், நாளை உங்களை வேலைக்கு எடுக்கப் போகிறவருக்கும் யார் விளக்குவது? பத்திரத்தோடு தர விளக்கத் தாளையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். அந்தத் தரம் உங்கள் ஜீபீஏயில் சேருமா, வெறும் சித்தியாக மட்டும் பதிவாகுமா என்பதை இங்கே முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பெயரையும் கவனியுங்கள். அப்பாவின் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக எழுதுவது நம் வழக்கம். பதிவுப் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே அச்சொட்டாக நிரப்புங்கள். பத்திரம் தலைகீழான பெயரோடு கொழும்புக்கு வந்துசேர்ந்தால் திருத்துவதற்குள் மாதங்கள் போய்விடும்.

சொந்தக்காரர் கதைக்கு வருவோம். ஐரோப்பாவில் நம்மில் யாருக்குத்தான் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இல்லை? போங்கள், சாப்பிடுங்கள். ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கும் போய்வாருங்கள். அந்தச் சனத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வார இறுதியும் ரயிலேறினால் வகுப்பில் ஒருவரோடும் பழக முடியாது. குழு வேலை, கூடிச் சமைப்பது, மொழி பேசிப் பழகுவது எல்லாம் சனி ஞாயிறில்தான் நடக்கின்றன. வீட்டுக்குப் போன் எடுப்பதும் அப்படித்தான். குளிர்காலத்தில் ஜேர்மனியோடு நாலரை மணி வித்தியாசம். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே பின்னேரம் நாலரை, வகுப்புத் தோழர்கள் கோப்பிக்குக் கிளம்பும் நேரம். அம்மாவோடு ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வது இருவருக்கும் நிம்மதி.

புறப்படும் வாரத்தில் செய்யாமல் விடுபவை நிறைய. ஜேர்மனியில் குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகரசபையில் முகவரி பதிந்தது போல, நாட்டை விட்டுப் போகும்போது அதை நீக்கவும் வேண்டும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வீதம் அறவிடும் ஒலிபரப்புக் கட்டணத்தை (வானொலி, தொலைக்காட்சிக்கானது) தனியாக எழுதித்தான் நிறுத்த வேண்டும். பெயரில் இருந்தால் கடிதம் வந்துகொண்டே இருக்கும். அறைக்குக் கட்டிய முற்பணம் வந்துசேரும் முன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலும் இணையக் கணக்கும் பிறகு பூட்டப்படும். அதற்குள் ஒவ்வொரு பாடத்தின் பாடவிளக்கத்தையும் மணிநேரக் கணக்கோடு தரவிறக்கி வையுங்கள். முதுமாணிக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

சிபாரிசுக் கடிதத்தையும் அங்கே இருக்கும்போதே கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டு வந்துவிட்டு, ஒன்றரை வருடம் கழித்துக் கொழும்பிலிருந்து மின்னஞ்சல் போட்டால், அந்தப் பேராசிரியருக்கு உங்கள் முகம் ஞாபகம் இராது. கடைசி வாரத்தில் அவருடைய அலுவலக நேரத்தில் நேரே போய், நீங்கள் செய்த கட்டுரையையும் கையில் கொண்டுபோய்க் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.